போர்க்காலத்தில் காணாமல் போன விமானங்கள்: போர்ட் பிளேர் வானில் நடந்ததை ஆவணங்களில் தேடுவது எப்படி?

2016 ஜூலை 22. காலையில் சென்னை தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம், 29 பேருடன் வங்காள விரிகுடாவுக்கு மேலே காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. எதுவும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையில் இயங்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி கடலடியில் சிதைவுகளைப் படம் பிடித்தது. கடற்கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரம், 3,400 மீட்டர் ஆழம்.

அது ஏஎன்-32 தான் என்று எப்படிச் சொன்னார்கள்? படங்கள் அந்த ரக விமானத்தோடு பொருந்தின என்பது ஒரு காரணம். பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கை இன்னொரு காரணத்தையும் சொன்னது. அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை. கடலுக்கடியில் கிடந்த உலோகத்தை அடையாளம் காண, கரையில் இருந்த பழைய பதிவுகளும் உதவின.

அந்த விமானம் போய்ச் சேர வேண்டிய ஊரின் வானத்தில், 1942-க்கும் 1945-க்கும் இடையே இன்னும் பல விமானங்கள் பறந்தன. சில திரும்பவில்லை. அதில் இருந்தவர்கள் யார், எங்கே விழுந்தார்கள் என்பதை இன்று ஒருவர் தேட முடியுமா? முடியும். பெரும்பகுதியை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

போர்ட் பிளேரில் என்ன நடந்தது?

இன்று மின்னி பே என்றால் போர்ட் பிளேரில் இருப்பவர்களுக்கு அது ஒரு குடியிருப்புப் பகுதி, ஆட்டோவில் ஏறிச் சொல்லும் ஒரு பெயர். நகரின் துறைமுகத்தை ஒட்டி இப்படிப் பல சிறு வளைகுடாக்கள் உண்டு. பீனிக்ஸ் பே, நேவி பே எல்லாம் அந்த வரிசைதான். அலை அடங்கிய இந்த நீர்ப்பரப்புதான் 1942-ல் ஊரின் தலைவிதியைத் தீர்மானித்தது. தண்ணீரிலேயே இறங்கி ஏறும் பெரிய ராணுவ விமானங்களுக்கு ஓடுபாதை தேவையில்லை. இப்படி ஒரு துறைமுகம் போதும்.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரைப் பிடித்தது. அடுத்த சில நாட்களில் கவானிஷி எச்6கே ரக நான்கு இன்ஜின் கடல் விமானங்கள் இங்கே வந்து இறங்கின. நேச நாட்டு விமானிகள் அவற்றுக்கு வைத்த ரகசியப் பெயர் ‘மாவிஸ்’. வங்காள விரிகுடா முழுவதையும், அதில் போகும் கப்பல்களையும் இங்கிருந்தே அவற்றால் கண்காணிக்க முடிந்தது.

பதிலடியும் உடனே வந்தது. ஏப்ரல் 2 இரவு அமெரிக்காவின் 10-வது விமானப்படை, இந்தியாவிலிருந்து தனது முதல் தாக்குதலாக போர்ட் பிளேரில் நின்ற கப்பல்கள் மீது குண்டு வீசியது. தளபதி லூயிஸ் பிரெரட்டன் தானே உடன் பறந்தார். ஏப்ரல் 14, 18 தேதிகளில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஹட்சன் விமானங்கள், பர்மாவின் அக்யாப் நகரிலிருந்து சுமார் 950 கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்து, துறைமுகத்தில் நின்ற கடல் விமானங்களைத் தாக்கின. அக்யாப் என்பது இன்றைய சித்வே. 1944 ஜூன் 21 அன்று, ‘ஆபரேஷன் பெடல்’ என்ற பெயரில், எச்எம்எஸ் இல்லஸ்ட்ரியஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து பாரகுடா, கோர்செயர் விமானங்கள் கிளம்பி வந்து தாக்கின. 1945 அக்டோபரில் ஜப்பானியர் இங்கே முறைப்படி சரணடைந்தார்கள்.

மேலே சொன்னதைக் கவனித்தீர்களா? ஒரே ஊர். ஆனால் தாக்கியவர்கள் மூன்று வெவ்வேறு படைகள். அமெரிக்க ராணுவ விமானப்படை, பிரிட்டிஷ் விமானப்படை, பிரிட்டிஷ் கடற்படை. மூன்றுக்கும் ஆவணங்கள் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. தேடல் தடம் மாறிப் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

தேடத் தொடங்கும் முன் கையில் என்ன இருக்க வேண்டும்?

ஆளின் பெயர் தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெயரைவிட தேதி முக்கியம். போர்க்காலப் பதிவுகள் பெரும்பாலும் அலகு வாரியாக, மாத வாரியாக அடுக்கப்பட்டவை. தேதியும் அலகும் தெரிந்தால் சரியான பக்கத்துக்கு நேராகப் போய்விடலாம். பெயர் மட்டும் தெரிந்தால் வைக்கோல் போரில் ஊசி தேடும் கதைதான்.

ஆகவே ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தேதி? எந்தப் படை? எந்த ஸ்குவாட்ரன்? விமானத்தின் வரிசை எண் என்ன? நான்கும் முதல் நாளே கிடைக்காது. ஒன்று கிடைத்தால் அது அடுத்ததைக் காட்டிக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘இது எங்கே கிடைத்தது’ என்றும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து, ஒரு தேதி மாத்தி மாத்தி வரும்போது இந்தக் குறிப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

இடப்பெயர்களையும் பழைய வடிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜய புரம் ஆனது. ராஸ் தீவு, ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு 2018-ல் புதிய பெயர்கள் வந்தன. 1940-களின் ஆவணத்தில் புதிய பெயரைப் போட்டுத் தேடினால் எதுவும் வராது.

ஸ்குவாட்ரன் பதிவேடு என்றால் என்ன?

பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் மாதாமாதம் ஒரு செயல்பாட்டுப் பதிவேடு எழுத வேண்டும். அவை லண்டனில் கியூ பகுதியில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ என்ற வரிசையில் இருக்கின்றன. பெரும்பாலானவை டிஜிட்டலாக்கப்பட்டவை. இணையத்தில் தேடி, தேவையான பகுதியை உங்கள் கணினியிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு பதிவேட்டில் இரண்டு வகைத் தாள்கள் இருக்கும். படிவம் 540 நாட்குறிப்பு மாதிரி. இன்று வானிலை எப்படி, யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், எங்கே தாக்குதல் என்று நாள்தோறும் சில வரிகள். படிவம் 541 கணக்குப் புத்தகம் மாதிரி. விமானத்தின் எண், அதில் போனவர்களின் பெயர்கள், என்ன பணி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். திரும்பாத விமானத்துக்கு அந்தக் கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கும், அல்லது ‘திரும்பவில்லை’ என்று இரண்டு சொல் இருக்கும். பல குடும்பங்கள் தேடி வந்து நிற்பது அந்த வெற்றுக் கட்டத்தின் முன்னால்தான்.

541-ஐ மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். 540-ஐ அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் படியுங்கள். மறுநாள் தேடுதல் விமானம் அனுப்பினார்களா, யாராவது மீட்கப்பட்டார்களா என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1942-ன் தொடக்கத்தில் மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் பிரிட்டிஷ் படைகள் அவசரமாகப் பின்வாங்கின. அந்த ஓட்டத்தில் பல அலகுகளின் காகிதங்கள் தொலைந்தன. சில பதிவேடுகள் பின்னாளில் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. அதில் தேதி ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் வியப்பில்லை.

எண் ஒன்று, ஆட்கள் வேறு

போர்ட் பிளேரைத் தாக்கிய ஹட்சன் விமானங்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு புத்தகம் அவை 139-வது ஸ்குவாட்ரன் என்று சொல்லும். இன்னொன்று 62-வது என்று சொல்லும். எது சரி?

தாக்குதல் நடந்த தேதியில் அவர்கள் 139. அந்த மாதக் கடைசியிலேயே அவர்களை 62-வது ஸ்குவாட்ரன் என்று எண் மாற்றிவிட்டார்கள். மலாயா, சுமத்ரா சண்டைகளில் சிதைந்துபோன பழைய 62-க்குப் பதிலாக இந்த ஏற்பாடு. அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தில் வேறு ஆட்கள், வேறு விமானங்களோடு புதிய 139 உருவானது. அவர்கள் ஐரோப்பாவில் பறந்தார்கள். அந்தமானுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

இங்கதான் பலரும் கோட்டை விடறாங்க. ஒருவர் 62-ல் இருந்தார் என்று குடும்பத்தில் சொல்லிக் கேட்டிருப்பார்கள். 62-ன் ஏப்ரல் பதிவேட்டைத் திறந்தால் பெயரே இருக்காது. ‘ஆவணத்தில் இல்லை’ என்று விட்டுவிடுவார்கள். ஸ்குவாட்ரன் எண் என்பது பேருந்தின் தடம் எண் மாதிரி. அதே எண்ணில் நாளை வேறு வண்டி, வேறு ஓட்டுநர், வேறு பயணிகள். எந்த எண் எந்த நாளில் யாருடையது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

ஜப்பானியர் பக்கமும் இதே கதைதான். போர்ட் பிளேரில் இருந்த கடல் விமானங்கள் டோக்கோ வான்பிரிவைச் சேர்ந்தவை. தைவானில் உள்ள ஊரின் பெயர் அது. 1942 நவம்பரில் அந்தப் பிரிவு 851 என்ற எண்ணுக்கு மாறியது. பெயரில் தேடினால் பாதிக் கதை, எண்ணில் தேடினால் மீதிக் கதை.

கப்பலிலிருந்து வந்த விமானம் என்றால்?

1944 ஜூன் தாக்குதலில் இழந்த விமானங்களை ‘ஏர் 27’-ல் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் அவை விமானப்படையுடையவை அல்ல, கடற்படையுடையவை. கடற்படை விமானப் பிரிவின் ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள் அதே காப்பகத்தில் ‘ஏடிஎம் 207’ வரிசையில் இருக்கின்றன. தாக்குதல் பற்றி மேலிடத்துக்குப் போன அறிக்கைகள் ‘ஏடிஎம் 199’-ல் இருக்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எங்கிருந்து கிளம்பியது? தரையிலிருந்தா, கப்பலிலிருந்தா?

அமெரிக்க விமானம் என்றால் வழி வேறு. 1943 நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க ராணுவ விமானப்படை, திரும்பாத ஒவ்வொரு விமானத்துக்கும் ‘காணாமல் போன விமானக்குழு அறிக்கை’ என்ற ஒன்றைத் தயாரித்தது. எம்ஏசிஆர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கடைசியாக எங்கே பார்க்கப்பட்டது, யார் பார்த்தார், விமானத்தில் யார் யார், வீட்டு முகவரி, இன்ஜின் எண் வரை அதில் இருக்கும். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் இவற்றை வைத்திருக்கிறது. ஆனால் 1942 ஏப்ரல் மாதிரி தொடக்க காலத்து இழப்புகளுக்கு இந்த ஏற்பாடு அன்றைக்கு இல்லை. பிரிவின் சொந்தப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு விமானத்தில் ஒரே நாட்டுக்காரர்களா?

இல்லை. இந்தியாவிலிருந்து பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் ஆஸ்திரேலியர், கனடியர், நியூசிலாந்துக்காரர் எல்லாம் கலந்திருந்தார்கள். இது உங்களுக்கு ஒரு வசதி. பிரிட்டனில் இருக்கும் மரண, இழப்புக் கோப்புகள் ‘ஏர் 81’ வரிசையில் கட்டம் கட்டமாகத்தான் திறக்கப்படுகின்றன. ஆனால் அதே விமானத்தில் ஓர் ஆஸ்திரேலியர் இருந்திருந்தால், ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஏ705’ வரிசையில் அவருடைய இழப்புக் கோப்பு இருக்க வாய்ப்புண்டு. பல கோப்புகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

கோப்பு அவருடையதுதான். ஆனால் விசாரணை முழு விமானத்தைப் பற்றியது. சாட்சிகள் சொன்னது, தேடுதல் நடந்த விதம், போருக்குப் பின் வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். நீங்கள் தேடுபவர் வேறொருவராக இருந்தாலும், பக்கத்து இருக்கைக்காரரின் கோப்பு உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

எதிரியின் பதிவேடு

ஒரு தரப்பின் காகிதத்தை மட்டும் நம்பினால் பாதி உண்மைதான் கிடைக்கும். விமானியின் கண்ணில் பட்டதுதான் அவர் அறிக்கை. இருட்டில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, வேகமாகத் திரும்பும்போது கீழே தெரிந்த தீ, கப்பல் எரிவதாகவும் இருக்கலாம், கரையில் எதோ எரிவதாகவும் இருக்கலாம். போர்க்காலத்தில் எல்லாத் தரப்பும் ‘இத்தனை வீழ்த்தினோம்’ என்று கூடுதலாகவே எழுதின. பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல. இரண்டு பேர் ஒரே விமானத்தைச் சுட்டுவிட்டு இருவரும் ஒன்று என்று எழுதினால் கணக்கில் இரண்டாகிவிடும்.

ஆகவே ஒரு எளிய விதி. ஒரு விமானம் போனதா இல்லையா என்பதற்கு, சுட்டவர் பதிவை விட இழந்தவர் பதிவே நம்பகமானது. தன் வீட்டில் எத்தனை தட்டு உடைந்தது என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

ஜப்பானியர் பதிவுகளைப் பார்க்க ‘ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பான் மையம்’ உதவும். 2001-ல் தொடங்கப்பட்டது, கட்டணம் இல்லை, ஆங்கிலத்திலும் தேடலாம். கடற்படை வான்பிரிவுகளின் செயல்பாட்டுப் பதிவுகள் அதில் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. எழுத்து ஜப்பானியம்தான். ஆனால் அட்டவணையில் தேதியும் எண்களும் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியும் பொறுமையும் இருந்தால் ஓரளவு படித்துவிடலாம். 1945 ஆகஸ்டில் சரணடையும் முன் ஜப்பானியப் படைகள் ஏராளமான காகிதங்களை எரித்துவிட்டன என்பதால் இடைவெளிகள் இருக்கும்.

இங்கே நேரக் குழப்பம் ஒன்று காத்திருக்கிறது. ஜப்பானியக் கடற்படை எங்கே இருந்தாலும் டோக்கியோ நேரத்தில் எழுதியது. 1942 ஏப்ரலில் டோக்கியோவுக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்யாபில் இருந்தவர்களுக்கு பர்மா நேரம் வேறு. போதாததற்கு 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஆகவே டோக்கியோ காலை 10 மணி என்பது, 1942 ஏப்ரலில் இந்தியாவில் காலை 6.30. 1944 ஜூனில் அதே 10 மணி, இந்தியாவில் 7.30. இரண்டு தரப்பு அறிக்கைகளும் முரண்படுவதாகத் தோன்றினால், யாரையும் பொய்யர் என்று முடிவு கட்டும் முன் கடிகாரத்தைச் சரி பாருங்கள்.

உடல் கிடைக்காதவர்களின் பெயர் எங்கே?

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், தேதி, படை எதைக் கொடுத்தும் தேடலாம். சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையைப் பராமரிப்பதும் இதே ஆணையம்தான். ஒரு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கல்லிலும் அலகும் தேதியும் வயதும் செதுக்கப்பட்டிருக்கும். ஆவணத் தேடலின் முதல் பாடத்தை அங்கேயே படித்துவிடலாம்.

ஆனால் அந்தமான் கடலில் விழுந்த விமானியின் பெயர் அங்கே இருக்க வாய்ப்பில்லை. தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் சுற்றுக் கடல்களிலும் கல்லறையின்றி மறைந்த காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. நிலப்படையினரையும் சேர்த்து அங்கே 24,000-க்கும் அதிகமான பெயர்கள். கடற்படை விமானி என்றால் அங்கும் இருக்காது. இங்கிலாந்தின் லீ-ஆன்-சொலன்ட் நினைவுச் சின்னத்தில் பார்க்க வேண்டும். மறுபடியும் அதே கேள்விதான், தரையா கப்பலா?

நினைவுச் சின்னத்தில் உள்ள தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். ஒருவர் காணாமல் போன நாள் வேறு, ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட நாள் வேறு. இரண்டுக்கும் இடையே மாதக்கணக்கில் ஒரு குடும்பம் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கும்.

உங்கள் தாத்தா இந்திய விமானப்படையில் இருந்திருந்தால்?

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி உள்ளிட்ட இடங்களில் கடலோரக் காவல் பிரிவுகள் இருந்தன. அதில் பறந்தவர்களும், தரையில் இன்ஜின் பார்த்தவர்களும், வயர்லெஸ் கேட்டவர்களும் பலர். 1945 மார்ச்சில் அதற்கு ‘ராயல்’ என்ற அடைமொழி வந்தது, குடியரசானதும் போனது. ஆவணத்தில் இரண்டு பெயரும் வரும்.

முதலில் வீட்டில் தேடுங்கள். பரணில் இருக்கும் டிரங்கு பெட்டி, பதக்கம், பணி விடுவிப்புச் சான்று, சீருடையோடு எடுத்த படத்தின் பின்பக்கம். நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம், பணி எண். அது இருந்தால் டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் அந்தமான் நிர்வாகம் தொடர்பான கோப்புகளைப் பதிவு செய்துகொண்டு தேடலாம். போர் வரலாற்று ஆவணங்களை டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு வைத்திருக்கிறது. போர்ப் பதிவுகளைப் பொதுவாக 25 ஆண்டுகளுக்குள் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 2021 ஜூனில் அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது.

பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாட்கள். அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. 20 ஆண்டுகளுக்கு முன் நடந்தவை பற்றிய தகவலை, நாட்டுப் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று விலக்குகளைத் தவிர வேறு காரணம் சொல்லி மறுக்க முடியாது. விண்ணப்பத்தில் ‘எல்லா ஆவணமும் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். பணி எண், அலகு, மாதம், ஆண்டு என்று குறிப்பாகக் கேளுங்கள்.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள்

இவ்வளவையும் தேடிப் படித்தாலும் ஒரு பக்கம் விடுபட்டே இருக்கும். ஸ்குவாட்ரன் பதிவேட்டில் தாக்குதல் முடிந்து விமானம் திரும்பியதும் கதை முடிந்துவிடுகிறது. தரையில் இருந்தவர்களுக்கு அங்கிருந்துதான் கதை ஆரம்பம்.

‘விமானங்கள் இவ்வளவு சரியாக வந்து குண்டு போடுவது எப்படி? கப்பல்கள் மூழ்குவது எப்படி? யாரோ உள்ளூர்க்காரர் காட்டிக் கொடுக்கிறார்.’ இதுதான் ஜப்பானிய அதிகாரிகளின் சந்தேகம். உண்மையில் உளவு நடந்தது. அந்தமானில் முன்பு போலீஸ் அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி, 1943 ஜனவரியில் டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து ரகசியமாகக் கரையேறினார். ஆனால் அவர் பிடிபடவில்லை. பிடிபட்டதும், செல்லுலார் சிறையில் சித்திரவதைக்கு ஆளானதும் ஊர் மக்கள்.

மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங், சித்திரவதைக்குப் பிறகு 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 பேர் உளவாளிகள் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் இந்திய சுதந்திர லீக்கில் இருந்தவர்கள். இன்று அங்கே நினைவிடம் இருக்கிறது.

இந்த 44 பேரும் எந்த ‘இழப்புப் பட்டியலிலும்’ வரமாட்டார்கள். அவர்களுக்குப் படிவம் 541 கிடையாது. அந்தப் பக்கத்தை நிரப்ப உள்ளூரின் நினைவுகள், வழக்குக் குறிப்புகள், குடும்பங்களின் வாய்மொழி இவைதான் வழி. போர்ட் பிளேரில் உங்களுக்குத் தெரிந்த பழைய குடும்பம் யாராவது இருந்தால், ஆட்சேபம் இல்லை என்றால், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வையுங்கள். கியூவில் உள்ள காகிதம் இன்னும் நூறு ஆண்டுக்கு இருக்கும். வயதானவர்களின் ஞாபகத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை.

உடைந்த பாகம் கண்ணில் பட்டால்?

எடுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். பழைய குண்டும் தோட்டாவும் 80 ஆண்டு கழித்தும் வெடிக்கக்கூடும். மனித எச்சங்களும் இருக்கலாம், அப்போது அது ஒருவருடைய கல்லறை. தூரத்திலிருந்து படம் எடுங்கள், ஜிபிஎஸ் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள். உலோகத் தகட்டில் எண் தெரிந்தால் அதை மட்டும் தெளிவாகப் படம் எடுங்கள். விமானத்தின் வரிசை எண்ணை அதிலிருந்து கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குள் அனுமதியின்றி நுழைவது 1956-ம் ஆண்டு ஒழுங்குமுறையின் கீழ் குற்றம். எந்த ஆராய்ச்சியும் அதற்குச் சாக்கு ஆகாது.

இன்றே எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பயிற்சிக்கு ஒரு தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 18. கியூ தளத்தில் ‘ஏர் 27’-ல் 139-வது ஸ்குவாட்ரனைத் தேடுங்கள், 62-ஐயும் பாருங்கள். அன்று யார் பறந்தார்கள், யார் திரும்பினார்கள் என்று குறியுங்கள். அந்தப் பெயர்களைப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு ஜப்பான் மையத்தில் அதே வாரத்து டோக்கோ வான்பிரிவின் பதிவைத் திறந்து, நேரத்தை மாற்றி ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று மாலைகளில் ஒரு நாளின் கதை உருவாகிவிடும். ஒத்துப்போகாத இடங்களை அழித்துவிடாமல் அப்படியே குறித்து வையுங்கள். அடுத்து அதே தேதியைத் தேடி வருபவருக்கு, அந்த விமானத்தில் இருந்தவருடைய பேரனுக்கோ பேத்திக்கோ, அந்தக் குறிப்பு தேவைப்படலாம்.